முத்துக்கடையில் போன முக்கால் மணி நேரம்

ஒரே நாளில் டூர் பஸ்ஸில் ஏறி ஊர் பார்ப்பவர்கள் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு ஓர் இளக்காரம் இருக்கிறது. "அதெல்லாம் சும்மா இறக்கி இறக்கி ஏத்துவாங்கம்மா. ஒண்ணையும் முழுசாப் பார்க்க முடியாது. எனக்கு லீவு கிடைக்கட்டும், கார்லயே போயிடலாம்" என்பார்கள். சொல்வதில் அன்பு இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அந்த லீவு வருவதே இல்லை. வந்தாலும் அன்றைக்குப் பேத்திக்கு நீச்சல் வகுப்பு இருக்கும். மருமகளுக்கு அவசரமாக ஒரு மீட்டிங் முளைக்கும். நாமும் பேரப்பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றி, இறக்கி, ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரயிலேறிவிடுவோம்.

என் மகன் ஹைதராபாத்தில் கச்சிபௌலி பக்கம் வேலை பார்க்கிறான். நான் கும்பகோணத்தில் தபால் நிலையக் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். அவன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்குத் தெரிந்த ஹைதராபாத் என்பது லிஃப்ட், அடுக்ககத்துக்குள் இருக்கும் பிள்ளையார் கோயில், எதிரே உள்ள சூப்பர் மார்க்கெட், பால்கனியிலிருந்து தெரியும் கிரேன்கள், அவ்வளவுதான். பிள்ளை வரி கட்டுகிற ஊர், பேத்தி தெலுங்கு படிக்கிற ஊர். அது என்ன ஊர், யார் கட்டியது, எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று தெரியாமலே அங்கே மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் டூர் பஸ்ஸில் போனேன். போன பிறகு எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் அந்த இளக்காரத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அன்று பஸ்ஸில் ஏறியவர்களில் பாதிப் பேர் என்னைப் போன்றவர்கள்தான். நாக்பூரிலிருந்து வந்த தம்பதி, விஜயவாடாவிலிருந்து வந்த ஓர் அம்மா, ராஞ்சியிலிருந்து வந்த ஒரு பெரியவர். பேச்சுக் கொடுத்தால் எல்லோருக்கும் மாதாப்பூரிலோ கொண்டாப்பூரிலோ ஒரு மகனோ மகளோ இருந்தார்கள். 1998-ல் சைபர் டவர்ஸ் திறந்ததிலிருந்து இந்த நகரம் நாடெங்குமிருந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டது. அவர்கள் பின்னால் பெற்றோர் வந்து போகிறார்கள். இவர்களில் பலருக்கு ஆப்பில் கார் பிடிக்கத் தெரியாது. தெரிந்தாலும் பாஷை தெரியாத ஊரில் தனியாக ஏறத் துணிச்சல் வராது. டூர் பஸ்ஸில் கட்டணம் முன்பே தெரியும். இறங்கிய இடத்தில் மறுபடி ஏற்றிக்கொள்ள ஒருவர் தலை எண்ணுவார். பக்கத்து சீட்டில் மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பேச ஒரு துணை கிடைக்கும். தனியாக இருக்கும் பெண்ணுக்கு இதைவிடக் கௌரவமாக ஊர் பார்க்கும் வழி எனக்குத் தெரியவில்லை. இந்த ஏற்பாடு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அது நன்றாக நடக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

எங்களுக்கு வாய்த்த கைடு நடுத்தர வயதுக்காரர். மைக்கை வாயருகே வைத்தால் இந்தியும் தெலுங்கும் ஆங்கிலமும் மாறி மாறி வரும். சினிமா பார்த்துக் கற்ற தமிழும் கொஞ்சம் இருந்தது. காலையில் முதலில் பிர்லா மந்திர். 1976-ல் ராஜஸ்தான் சலவைக் கல்லில் கட்டிய வெங்கடாசலபதி கோயில். தியானத்துக்கு இடைஞ்சல் வரக் கூடாதென்று மணியே வைக்காமல் விட்டிருக்கிறார்கள். குன்றின் மேலிருந்து ஹுசைன் சாகர் தெரிந்தது. அங்கே நேரம் போதுமானதாக இருந்தது. சுகமாக இறங்கி வந்தோம்.

அங்கிருந்து பழைய நகரத்துக்குப் போகும் வழியில், மூசி ஆற்றுப் பாலத்தை நெருங்கும்போது பஸ் நெரிசலில் நின்றது. நிரலில் 'மூசி ஆறு' என்று ஓர் இடம் கிடையாது. அந்தக் கைடு தானாகவே மைக்கை எடுத்தார். 1908 செப்டம்பர் 28 அன்று இந்த ஆறு பெருக்கெடுத்து நகரத்துக்குள் புகுந்ததையும், ஆயிரக்கணக்கானோர் இறந்ததையும் சொன்னார். உஸ்மானியா மருத்துவமனை இருக்கும் திசையில் கையைக் காட்டி, அந்த வளாகத்தில் இன்றும் ஒரு புளியமரம் நிற்கிறது, அன்று அதன் கிளைகளில் ஏறி உட்கார்ந்த நூற்றைம்பது பேருக்கு மேல் பிழைத்தார்கள் என்றார். அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் நிஜாம் அரசு மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவை வரவழைத்தது. அவர் போட்ட திட்டத்தின்படி ஆற்றின் மேல்பக்கம் இரண்டு நீர்த்தேக்கங்கள் வந்தன: 1920-ல் உஸ்மான் சாகர், 1927-ல் ஹிமாயத் சாகர். வெள்ளத்தையும் தடுத்தன, நகரத்துக்குக் குடிநீரும் கொடுத்தன. "உஸ்மான் சாகரைத்தான் இங்கே கண்டிப்பேட்டை என்பார்கள்" என்று அவர் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் மகன் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் போனால் கண்டிப்பேட்டை என்று வழிகாட்டிப் பலகை இருக்கிறது. பேத்தியோடு ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கப் போகும் ஏரிக்கரை. ஒரு வெள்ளத்திலிருந்து பிறந்த கரை அது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பஸ் நெரிசலில் நின்ற சில நிமிடங்களில் நடந்தது இது. கட்டிடமும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. பிள்ளைகளின் ஊரைப் புரிந்துகொள்ள வந்த பெற்றோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? டூர் நடத்துபவர்கள் விளம்பரத்தில் இடங்களின் எண்ணிக்கையைப் பெரிதாகப் போடுகிறார்கள். டூரே அந்தக் கைடின் வாயில்தான் இருக்கிறது என்பதை அவர்கள் எங்கும் போடுவதில்லை.

சார்மினாருக்கு வெகு தூரத்திலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டு நடந்தோம். முகமது குலி குதுப் ஷா 1591-ல் எழுப்பியது. நான்கு பக்கமும் இருக்கும் கடிகாரங்கள் பின்னால் வந்தவை, 1889-ல். பக்கத்திலேயே மெக்கா மசூதி. மெக்காவிலிருந்து மண் கொண்டுவந்து செங்கல் சுட்டு நடு வளைவில் வைத்ததால் அந்தப் பெயர் என்று சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்து எங்களுக்குக் கிடைத்தது அரை மணி நேரம்.

அந்த அரை மணியில் பத்து நிமிடத்தை நான் லாட் பஜாரின் தலைப்பில் செலவழித்தேன். சார்மினாரிலிருந்து மேற்கே போகும் வளையல் தெரு. ஒரு கடையின் வாசலோரம் ஒருவர் கரி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அரக்கைச் சூடு காட்டி இளக்கிக்கொண்டிருந்தார். இளகிய அரக்கைப் பலகையில் உருட்டிக் கயிறுபோல் நீட்டினார். வளைத்து இரண்டு முனையையும் சூட்டிலேயே ஒட்டினார். உருளையில் மாட்டி வட்டம் சரி பார்த்தார். பிறகு மெல்லிய கம்பியின் நுனியில் ஒவ்வொரு கண்ணாடிக் கல்லாகத் தொட்டெடுத்துப் பதித்தார். அரக்கு ஆறுவதற்குள் ஒரு வரிசை முடிய வேண்டும். தலையை நிமிர்த்தவே இல்லை. விரல் நுனிகள் சூடு பட்டுப் பட்டு வழவழவென்று ரேகையில்லாமல் இருந்தன. இந்த வளையலுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இரண்டாவது வரிசை தொடங்குமுன் கைடின் விசில் கேட்டது.

இதற்கு அடுத்துத்தான் முத்துக்கடை.

டிக்கெட்டில் அந்தக் கடையின் பெயர் இல்லை. அச்சிட்டுக் கொடுத்த நிரலிலும் இல்லை. "பாத்ரூம் வசதி இருக்கு, ஏசி இருக்கு, கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கலாம்" என்று இறக்கினார்கள். உண்மையில் எங்களில் பல பெண்கள் காலையிலிருந்து அந்த வசதிக்காகத்தான் காத்திருந்தோம். வயதான பெண்களின் அவஸ்தையைக் கடைக்கு ஆள் பிடிக்கும் வழியாக ஆக்கியிருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உள்ளே போனதும் கதவுப் பக்கம் ஒருவர் நின்றுகொண்டார். நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், வெல்வெட் தட்டுகள் வந்தன, கால்குலேட்டர் வந்தது. ராஞ்சிப் பெரியவர் மனைவிக்கு ஒரு சரம் வாங்கினார். பிடித்து வாங்கினாரா, நேரம் போகட்டும் என்று வாங்கினாரா, அவர் முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

ஹைதராபாத்தின் முத்துக்கு நான் விரோதி இல்லை. கடலே இல்லாத ஊர் முத்து நகரமானது பெரிய கதை. முத்து வெளியூரிலிருந்து வந்தது. அதைத் தரம் பிரிக்கவும், உடையாமல் நுண்ணிய துளை போடவும் தெரிந்த கைகள் இங்கே இருந்தன. வாங்கிப் போட நவாபுகள் இருந்தார்கள். அந்தத் துளை போடும் வேலையை ஒருவர் செய்து காட்டியிருந்தால் இன்னும் அரை மணி வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பேன். அதைக் காட்ட அங்கே யாரும் இல்லை. முக்கால் மணி நேரம் விற்பனை மட்டும் நடந்தது.

அந்த முக்கால் மணிக்கு விலை சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் கொடுத்தோம்.

சாலார் ஜங் என்றால் மிர் யூசுப் அலி கான், மூன்றாம் சாலார் ஜங். இளம் வயதிலேயே ஏழாம் நிஜாமின் பிரதம மந்திரியாக இருந்து, 1914-ல் விலகி, கல்யாணமும் செய்துகொள்ளாமல், 1949-ல் இறக்கும்வரை கையிலிருந்த செல்வத்தையெல்லாம் கலைப்பொருள்களாக மாற்றியவர். தாத்தாவும் தகப்பனாரும் சேர்த்ததும் அதில் உண்டு. 1951 டிசம்பரில் அவருடைய மாளிகையிலேயே அருங்காட்சியகத்தை நேரு திறந்து வைத்தார். மூசிக் கரையில் இப்போதுள்ள கட்டிடத்துக்கு 1968-ல் வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கூடங்கள். அங்கே எல்லோரும் பார்க்க ஆசைப்படுவது இசைக் கடிகாரம். ஒவ்வொரு மணிக்கும் உள்ளிருந்து ஒரு தாடிக்காரப் பொம்மை கதவைத் திறந்துகொண்டு வந்து அத்தனை முறை மணி அடித்துவிட்டு உள்ளே போய்விடும். பகல் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி. அதைப் பார்க்கவே முன்கூட்டி வந்து இடம் பிடித்து உட்காருவார்கள். நாக்பூர்க்காரர் கடிகாரங்கள் பழுது பார்த்துப் பிழைத்தவர். காலை பஸ் ஏறியதிலிருந்து மனைவியிடம் அதைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது மணி பன்னிரண்டே கால். கூட்டம் கலைந்து எதிரே வந்துகொண்டிருந்தது. அவர் கடிகாரத்தின் முன்னால் போய் நின்றார். கொல்லன் பொம்மை ஒன்று நொடிக்கு நொடி சுத்தியலை ஓங்கி ஓங்கி இறக்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மணிக்கு எங்களை பஸ் பக்கத்தில் நிறுத்தித் தலை எண்ணினார்கள். ஆக அந்த ஓர் அடியும் அவருக்குக் கிடைக்கவில்லை.

நான் ரெபேக்காவின் முன்னால் நின்றேன். இத்தாலியச் சிற்பி பென்சோனி 1876-ல் செய்தது. சலவைக் கல்லால் ஆன பெண், முகத்தின் மேல் ஒரு முக்காடு. முக்காடும் கல், முகமும் கல், இரண்டும் ஒரே கல். ஆனாலும் முக்காட்டுக்குப் பின்னால் முகம் தெரிகிறது. மூக்கின் நுனியில் துணி லேசாகத் தொட்டு நிற்கிறது. கன்னத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் மடிந்து இறங்குகிறது. பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் மடிப்புகளின் நிழல் மாறுகிறது. எப்படிச் செதுக்கியிருப்பான் என்று யோசிக்கவே ஒரு மணி நேரம் வேண்டும். அத்தனை கூடங்களுக்கும் சேர்த்தே எங்களுக்குக் கொடுத்தது அந்த ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. தந்தக் கூடமும் ஓலைச்சுவடிகளும் கூடத்துப் பலகையில் படித்த பெயர்களாகவே நின்றுவிட்டன.

சாப்பாட்டுக்குப் பிறகு டீக்கடை ஓரத்தில் நான் கைடிடம் கேட்டேன். "ஏன் தம்பி, கடிகாரம் பன்னிரண்டுக்கு அடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?" அவர் மறைக்கவில்லை. "தெரியும்மா. கடையில ஒரு கையெழுத்து வாங்கணும், அத்தனை நேரம் நிறுத்தினாத்தான் கையெழுத்து. எனக்கு நாள் கூலி கொஞ்சம்தான். மிச்சம் கடையிலேர்ந்து வரணும், இல்லேன்னா நீங்க கொடுக்கிற டிப்ஸ்." டிரைவருக்கும் அப்படித்தானாம். பஸ் கட்டணம் குறைவாக இருப்பதற்கும் அதுதான் காரணமாம்.

அந்த மனிதரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். தபால் நிலையத்தில் சிறுசேமிப்பு முகவர்களோடு பழகியவள் நான். சம்பளம் இல்லாமல் கமிஷனை மட்டும் நம்பி நிற்பவர், எத்தனை நல்லவரானாலும், எந்தத் திட்டத்தில் கமிஷன் அதிகமோ அதன் பக்கம் அவர் பேச்சு கொஞ்சம் சாயும். மனிதரைத் திட்டி அதை மாற்ற முடியாது. சம்பளத்தைச் சரியாகக் கொடுத்தால் பேச்சும் நேராகிவிடும். மூசிப் பாலத்தில் கூலி எதிர்பாராமல் அப்படிப் பேசியவர், முத்துக்கடையில் தலை குனிந்து நின்றார். அவருடைய அறிவுக்கு நாம் கொடுக்க வேண்டிய பணத்தை முத்துக்காரரிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.

கட்டணம் குறைவு என்கிற வாதமும் எனக்கு ஒத்து வரவில்லை. கூட இருநூறு ரூபாய் சொன்னால் அன்று பஸ்ஸில் இருந்த யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. ஹைதராபாத்தில் மட்டும் நடப்பதும் இல்லை இது. ஆக்ராவில் சலவைக் கல் கடை, மைசூரில் சந்தனமும் பட்டும், நம் காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை. நாடெங்கும் டூர் பஸ்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

பிற்பகலில் முதலில் விலங்குக் காட்சிசாலை. 1963-ல் திறந்த நேரு உயிரியல் பூங்கா, 380 ஏக்கர். குடும்பத்தோடு ஒரு நாள் முழுக்கச் சுற்ற வேண்டிய இடம். அங்கே ஒரு மணி நேரம் விட்டால் என்ன பார்ப்பது? வெயிலில் புலி உள்ளே போய்ப் படுத்துவிட்டது. நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த முறுக்கைத் தின்றோம். நிரலில் இடங்களின் எண்ணிக்கை கூடட்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதனால் கோல்கொண்டாவுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது நாலரை மணி ஆகிவிட்டது. ஐந்தரைக்குக் கோட்டைக் கதவை மூடிவிடுவார்கள். நுழைவுச்சீட்டு பஸ் கட்டணத்தில் சேர்த்தி இல்லை. அதற்குத் தனி வரிசை. மேலே போகச் சுமார் 360 படிகள். காகதீயர்கள் மண்ணால் கட்டியதை, 1518-லிருந்து குதுப் ஷாக்கள் கருங்கல் கோட்டையாக்கி ஆண்டார்கள். ஔரங்கசீப் எட்டு மாதம் முற்றுகையிட்டு 1687-ல் பிடித்தார். இத்தனை பெரிய கோட்டைக்கு எங்களிடம் இருந்தது முக்கால் மணி.

ஆனால் அந்த முக்கால் மணியைக் கைடு நடத்திய விதம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன். நுழைவாயிலின் குவிமாட மண்டபத்தில் எங்களை நிறுத்தி, "முழங்கால் வலிக்கிறவங்க இங்கேயே இருங்க. உங்களுக்கு இங்கே வேலை இருக்கு" என்றார். ஏற முடிந்தவர்களை மட்டும் அனுப்பினார். அந்த மண்டபத்தில் ஓரிடத்தில் நின்று கை தட்டினால், ஒலி குவிமாடத்தின் வளைவுகளில் பட்டுத் திரண்டு, மலை உச்சியில் இருக்கும் பாலா ஹிஸார் மண்டபத்தில் கேட்கும். வாசலில் ஆள் வருவதை மேலே அரசனின் காவலுக்குத் தெரிவிக்கச் செய்த ஏற்பாடு. ஓரடி தள்ளி நின்று தட்டினால் வெறும் தட்டல்தான். கீழே நின்றவர்களை வரிசையாக அந்த இடத்தில் நிறுத்தித் தட்டச் சொன்னார். நாக்பூர் அம்மாள் தட்டினார். மேலே போயிருந்த கணவர் மண்டபத்திலிருந்து துண்டை வீசிக் காட்டினார். ஏற முடியாதவர்களை பஸ்ஸிலேயே உட்காரச் சொல்லிவிட்டுப் போகும் கைடுகள் உண்டு. இவர் அவர்களைக் கோட்டையின் காவல்காரர்கள் ஆக்கிவிட்டார்.

நானும் விஜயவாடா அம்மாளும் பாதி தூரம் ஏறி ராமதாசர் சிறைவரை போனோம். பத்ராசலத்தில் ராமருக்குக் கோயில் கட்ட அரசாங்க வரிப்பணத்தைச் செலவழித்தார் என்று, ராமதாசர் எனப்படும் கோபண்ணாவை மன்னர் தானா ஷா அடைத்து வைத்த இடம். உயரமான கல் அறை. மேலே இருக்கும் துவாரத்திலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. சுவரில் ராமர், சீதை, லட்சுமணர், அனுமார் உருவங்கள்; சிறையில் இருந்தபோது அவரே செதுக்கியவை என்கிறார்கள். ராமனும் லட்சுமணனும் சேவகர் வேடத்தில் வந்து மன்னரிடம் பணத்தைக் கட்டி அவரை விடுவித்தார்கள் என்பது கதை. வரலாறு சொல்வது வேறொன்று: அவரை அடைத்த அதே அபுல் ஹசன் தானா ஷா, கோல்கொண்டா விழுந்த பிறகு தௌலதாபாத் கோட்டையில் கைதியாக இருந்து அங்கேயே இறந்தார்.

எங்கள் ஊர்ப் பக்கம் மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் வகுத்துக் கொடுத்த பஜனை முறையில் ராமதாசர் கீர்த்தனைகளுக்குத் தனி இடம் உண்டு. ராமநவமி பஜனையில் அவற்றைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அம்மா அந்தத் தெலுங்குக் கீர்த்தனைகளைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்துப் பாடுவாள். அவை பிறந்ததாகச் சொல்லப்படும் அறைக்குள் நிற்கிறேன் என்றதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. விஜயவாடா அம்மாள் ஒன்றை எடுத்தார், நானும் சேர்ந்துகொண்டேன். அவர் உச்சரிப்பும் என் உச்சரிப்பும் வேறு, ராகம் ஒன்று. சரணத்துக்குப் போகுமுன் காவலர் விசில் ஊதிவிட்டார்.

இருட்டும் நேரத்தில் ஹுசைன் சாகர் கரையில் நிறுத்தினார்கள். ஏரி நடுவே ஒரே கல்லில் நிற்கும் புத்தர், 18 மீட்டர். 1990-ல் படகில் கொண்டுபோகும்போது கவிழ்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். சிலை இரண்டு வருடம் ஏரிக்குள் கிடந்து 1992-ல் மேலே வந்தது. செதுக்கியவர் எஸ்.எம். கணபதி ஸ்தபதி, தமிழ்நாட்டில் பிறந்தவர். கைடிடம் சொன்னேன். பைக்குள்ளிருந்து சிறு நோட்டை எடுத்துப் பெயரை எழுதிக்கொண்டார். நாள் கூலிக்காரர் அப்படி எழுதிக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. இந்த நிரலில் விலங்குக் காட்சிசாலையையும் கடையையும் எடுத்துவிட்டால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். காலை வெயில் ஏறுவதற்கு முன் கோல்கொண்டாவில் தொடங்கலாம். படி ஏறவும் சுகம், வரிசையும் இருக்காது. பன்னிரண்டுக்கு முன் சாலார் ஜங்கில் கடிகாரத்தின் முன்னால் உட்கார வைக்கலாம். பிற்பகலில் சார்மினார், வளையல் தெரு. நுழைவுச்சீட்டுகளை நிறுவனமே முன்கூட்டி எடுத்துக் கட்டணத்தில் சேர்த்துவிட வேண்டும். சாலார் ஜங்குக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கும் பழைய நிரலைக் காட்டி டிக்கெட் விற்கக் கூடாது. கைடு சொல்லும் விஷயங்களைத் தமிழ், வங்காளம், மராத்தி என்று ஒரு தாளில் அச்சிட்டு சீட்டில் வைத்தால், பின் வரிசையில் மொழி புரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். பெண்களுக்கான கழிப்பறை எந்தெந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்பது நிரலில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கைடுக்கு அன்றைய வேலைக்கு அன்றே முழுச் சம்பளம்.

கடையில் நிறுத்தியே தீருவோம் என்றால், கடையின் பெயரையும் நிற்கும் நேரத்தையும் டிக்கெட்டில் அச்சிட வேண்டும், விரும்பாதவர்கள் இறங்காமல் இருக்க உரிமை வேண்டும். இதை மாநில சுற்றுலாத் துறைகள் ஒரு சுற்றறிக்கையில் செய்துவிடலாம். அரசே நடத்தும் டூர்களில் முதலில் தொடங்கட்டும். தமிழ்நாடு தொடங்கினால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மா அப்பாவுக்கு டூர் பஸ்ஸில் சீட்டுப் போடும்போது எத்தனை இடம் என்று பார்க்காதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம், வழியில் எந்தக் கடையிலாவது நிறுத்துவீர்களா, கைடுக்குச் சம்பளமா கமிஷனா என்று போனில் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாத நிறுவனத்தை விட்டுவிட்டு, சொல்லும் நிறுவனத்தில் போடுங்கள். இருநூறு ரூபாய் கூட ஆனாலும் பரவாயில்லை.